ஊருக்கு வந்த பேராண்டிக்கு வாய் கோணிவிட்டது: காத்து அடித்ததா, லைம் நோயா?

கேள்வி, காரைக்குடிப் பக்கம் கண்டனூரிலிருந்து ஓர் ஆச்சி கேட்டது: மகன் குடும்பம் அமெரிக்காவில் கனெக்டிகட்டில் இருக்கிறது. எங்கள் சாந்திக் கல்யாணத்துக்காக ஆனி கடைசியில் ஊருக்கு வந்தார்கள். பேராண்டிக்கு ஆறு வயது. நேற்றுக் காலையில் எழுந்தபோது வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது, ஒரு கண் மூடவில்லை. காத்து அடித்திருக்கிறது, மந்திரித்து எண்ணெய் போட்டால் சரியாகும் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். இங்கே டாக்டர் ஸ்டீராய்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். அங்கே உள்ள குழந்தை டாக்டர் போனில், லைம் நோயாக இருக்கலாம், ரத்தம் பாருங்கள் என்கிறார். மருந்துக்கடையில் அப்படி ஒரு நோயே நம் பக்கம் கிடையாது என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

பதில்:

ஆச்சி, முதலில் கண்ணைப் பாருங்கள். மூடாத கண் ஓர் இரவிலேயே காய்ந்து கருவிழியில் புண் வந்துவிடக்கூடும். அதனால் இதை முழுக்கப் படித்து முடிக்கும் முன்பே மருந்துக்கடைக்கு ஆள் அனுப்பிவிடுங்கள். கார்பாக்சிமெதில் செல்லுலோஸ் 0.5 சதவீதக் கண் சொட்டு, இரவில் கண்ணுக்குள் போடும் வழவழப்புக் களிம்பு, அரை அங்குல மைக்ரோபோர் பிளாஸ்திரி, இந்த மூன்றும் வேண்டும். போடும் முறையைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

உங்கள் ஊர் டாக்டர் சொன்னதும் அமெரிக்க டாக்டர் சொன்னதும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தெரிகின்றன. இருவருமே அவரவர் ஊருக்குச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். காரைக்குடியிலேயே பிறந்து வளரும் பிள்ளைக்குத் திடீரென்று வாய் கோணினால், காது, ரத்த அழுத்தம், ரத்த அணு எல்லாம் பார்த்துவிட்டு, காரணம் தெரியாத பெல்ஸ் முகவாதம் என்றுதான் பெரும்பாலும் முடியும். உண்ணி கடித்துப் பரவும் லைம் நோய் அங்கே கணக்கில் வராது. அதே வாய்க்கோணல் கனெக்டிகட்டில் கோடையில் ஒரு பிள்ளைக்கு வந்தால், அந்தப் பகுதியில் நடந்த ஆய்வுகளின்படி ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு லைம்தான் காரணம். எனவே உங்கள் பேராண்டி விஷயத்தில் முக்கியமான கேள்வி, கடந்த மூன்று மாதம் அவன் எங்கே இருந்தான் என்பது. வைகாசியில் அவன் கனெக்டிகட்டில் தோட்டத்திலும் புல்வெளியிலும் ஓடி விளையாடியிருந்தால், கண்டனூரில் தெரியும் வாய்க்கோணலுக்குக் காரணம் அங்கே ஏற்பட்டிருக்கலாம். இங்கே மருத்துவரிடம் போகும்போது நோயைச் சொல்லும் முன் இதைச் சொல்லுங்கள். அவராகக் கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம். லைம் இல்லாத ஊரில் வேலை பார்ப்பவருக்கு அந்தக் கேள்வி தோன்றாமல் போவது இயல்பு.

காத்து அடித்ததா என்றால், இல்லை. முகத்தை அசைக்கும் நரம்பு ஏழாவது கபால நரம்பு. மூளையிலிருந்து கிளம்பி, காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் ஒரு குறுகிய குழாய் வழியாக வந்து, கன்னத்தில் கிளை பிரிகிறது. அந்த எலும்புக் குழாய்க்குள் நரம்பு வீங்கினால் விரிய இடமில்லாமல் நசுங்குகிறது. அந்தப் பக்கத்து நெற்றி, இமை, கன்னம், உதடு எல்லாம் ஒன்றாகத் தளர்ந்துவிடும். நல்ல பக்கத்துத் தசை மட்டும் இழுப்பதால் வாய் நல்ல பக்கம் நோக்கிக் கோணும். பல வீடுகளில் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, இழுத்திருக்கும் பக்கம்தான் கெட்டது என்று அதில் எண்ணெய் தேய்க்கிறார்கள். எந்தக் கண் மூடவில்லையோ அந்தப் பக்கம்தான் பாதிக்கப்பட்டது. அதே நரம்பில் நாக்கின் முன்பகுதிச் சுவையும், காதுக்குள் சத்தத்தை மட்டுப்படுத்தும் ஒரு சிறு தசைக்கான கிளையும் வருகின்றன. அதனால் பிள்ளை சாப்பாடு ருசியில்லை என்றாலும், மேளச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு அழுதாலும், அதுவும் இதே தொந்தரவுதான்.

இப்போதே வீட்டில் ஒன்று பார்த்துவிடுங்கள். பேராண்டியை எதிரில் உட்காரவைத்து, புருவத்தை உயர்த்தி மேலே பார்க்கச் சொல்லுங்கள். பாதிக்கப்பட்ட பக்கத்து நெற்றியில் சுருக்கம் விழவில்லை என்றால் கோளாறு நரம்பில். வாய் மட்டும் கோணி, நெற்றி இரண்டு பக்கமும் ஒன்றுபோலச் சுருங்கினால் கோளாறு மூளையில் இருக்கலாம். நெற்றிக்கு மூளையின் இரு பாதியிலிருந்தும் கட்டளை வருவதால், ஒரு பாதி கெட்டாலும் நெற்றி அசையும். அப்படி இருந்தால் ஸ்டீராய்டு, லைம் பேச்செல்லாம் விட்டுவிட்டு 108-ஐக் கூப்பிட்டு, ஸ்கேன் வசதி உள்ள சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரைக்கோ உடனே போக வேண்டும். கை கால் ஒன்று தளர்வது, நடை தள்ளாடுவது, பேச்சுக் குழறுவது, விழுங்கச் சிரமம், பார்வை இரண்டாகத் தெரிவது, வலிப்பு, மயக்கம், கழுத்தைக் குனிய முடியாமல் தலைவலியோடு வாந்தி, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அப்படித்தான். கண்ணை மூட முயலும்போது விழி மேலே போய் வெள்ளை மட்டும் தெரியும். அதைப் பார்த்து வலிப்பு என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலோருக்கு விழி அப்படித்தான் மேலே போகும், இமை மூடுவதால் நமக்குத் தெரிவதில்லை.

மருத்துவர் செய்ய வேண்டிய சோதனைகள் அதிகமில்லை, ஆனால் எதையும் விடக்கூடாது. காதுக்குள் விளக்கு வைத்துப் பார்க்க வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகளிடம் காதுச் சீழ் அதிகம். செவிப்பறைக்குப் பின்னால் சீழ் கட்டியிருந்தாலே நரம்பு தளரலாம். அதற்கு ரத்தக் குழாயில் ஊசி வழியாக ஆன்டிபயாட்டிக் கொடுத்து, காது மூக்கு தொண்டை மருத்துவர் செவிப்பறையைக் கீறிச் சீழை வெளியே விட வேண்டியிருக்கும். நாள்பட்டு நாற்றமடிக்கும் சீழ் என்றால் எலும்பு அரித்திருக்கலாம், சி.டி. ஸ்கேன் தேவை. காது மடலிலோ துவாரத்திலோ சின்னச் சின்ன நீர்க்கொப்புளம் இருந்தால் அது அக்கி வைரஸ். அதற்கு அசைக்ளோவிர் வேண்டும்.

அடுத்தது ரத்த அழுத்தம். பிள்ளைகளுக்கு யாரும் பார்ப்பதில்லை. சிறுநீரகக் கோளாறால் அழுத்தம் ஏறி அது வாய்க்கோணலாக வெளிப்படுவது உண்டு. குழந்தையின் கைக்கு ஏற்ற சிறிய பட்டையால் பார்க்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் பட்டையைச் சுற்றினால் அளவு குறைத்துக் காட்டும்.

பிறகு ரத்த அணு எண்ணிக்கை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கையில் ஸ்டீராய்டுச் சீட்டு இருக்கிறது. அரிதாக, குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் முதலில் முகவாதமாகத் தலைகாட்டும். அந்த நேரத்தில் ஸ்டீராய்டு கொடுத்தால் புற்றணுக்கள் தற்காலிகமாகக் குறைந்து, நோய் மறைந்து, கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். பிறகு சிகிச்சையும் சிக்கலாகும். பிள்ளை வெளுத்திருக்கிறானா, உடம்பில் காரணமில்லாத கன்றல் இருக்கிறதா, ஈறில் ரத்தம் கசிகிறதா, கால் எலும்பு வலிக்கிறது என்று இரவில் அழுகிறானா, கழுத்தில் கட்டி தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். இவை எதுவும் இல்லாவிட்டாலும், ஸ்டீராய்டு முதல் வேளைக்கு முன் சி.பி.சி. என்ற இந்த ரத்த அணுச் சோதனையை எடுத்துவிடுவது நல்லது. காரைக்குடியில் எந்தப் பரிசோதனைக்கூடத்திலும் அன்றே முடிவு கிடைத்துவிடும்.

அரசு மருத்துவமனைக்குப் போனால் 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மல மாதிரி கேட்கலாம். 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் திடீரென்று தசை தளர்ந்தால் போலியோ கண்காணிப்பில் பதிவது நடைமுறை. அதனால் போலியோ என்று நினைத்துவிட்டார்கள் என்று கலங்க வேண்டாம், கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

இனி லைம். 1975-இல் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற ஊரைச் சுற்றிப் பல பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் முழங்கால் வீங்கியது. அந்த ஊர்த் தாய்மார் விடாமல் கேட்டதால்தான் ஆராய்ச்சி தொடங்கியது. பொரேலியா என்ற சுருள் வடிவ பாக்டீரியா காரணம் என்று 1982-இல் வில்லி பர்க்டார்ஃபர் என்ற விஞ்ஞானி வெளியிட்டார். மான் நடமாடும் புதர்களில் இருக்கும் ஒரு வகை உண்ணி கடித்து இது பரவுகிறது. அதிலும் ஆபத்தானது வளராத குட்டி உண்ணி. கசகசா அளவுதான் இருக்கும், கடித்தால் வலிக்காது, தலைமுடிக்குள்ளும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஒட்டிக்கொள்ளும். மே முதல் ஜூலை வரை அதன் காலம். அதனால்தான் உண்ணி கடித்ததாக ஞாபகம் இல்லை என்று பெரும்பாலான பெற்றோர் சொல்கிறார்கள். அந்தப் பதிலை வைத்து லைம் இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது.

கடித்து 3 முதல் 30 நாளுக்குள் அந்த இடத்தில் சிவந்த படை தோன்றி, நாளுக்கு நாள் அகன்று 5 செ.மீ. தாண்டும். நடுவில் வெளுத்து வளையமாகவும் இருக்கலாம், முழுச் சிவப்பாகவும் இருக்கலாம். அரிப்போ வலியோ அதிகம் இருக்காது. பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்குப் படை வரும், ஆனால் மாநிறத் தோலில் சிவப்பு எடுப்பாகத் தெரியாது. லேசான கருஞ்சிவப்பாகவோ கன்றல் போலவோ தோன்றி, படர்தாமரை என்று நினைத்துக் களிம்பு போட்டிருப்பார்கள். மகனிடமும் மருமகளிடமும் கடந்த இரண்டு மாதப் புகைப்படங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். நீச்சல் குளம், பூங்கா என்று சட்டையில்லாமல் எடுத்த படத்தில் அந்தப் படை தற்செயலாகப் பதிந்திருக்கலாம். இப்போதும் பிள்ளையை நல்ல வெளிச்சத்தில் உச்சி முதல் பாதம் வரை பாருங்கள். தலைமுடியைப் பிரித்து, காதுக்குப் பின்னால், தொப்புள், முழங்காலுக்குப் பின்பக்கம் எல்லாம் பார்க்க வேண்டும். பாக்டீரியா ரத்தத்தில் பரவிய பிறகு, சில வாரத்திலிருந்து இரண்டு மூன்று மாதத்துக்குள் முகவாதம் வருகிறது. காய்ச்சல், தலைவலி, சோர்வு, மூட்டு வலி கூடவே இருந்தால் லைம் சந்தேகம் கூடுகிறது. முகத்தின் இரண்டு பக்கமும் தளர்ந்தால் சந்தேகம் இன்னும் கூடும். ஆனால் கை கால் தளர்ச்சியில் தொடங்கும் கியான் பாரே நோயிலும் இரு பக்கமும் தளரும் என்பதால் அப்படியானால் மருத்துவமனையில் சேர்த்துவிட வேண்டும்.

எந்தெந்த ஊரிலிருந்து வந்தால் லைமை நினைக்க வேண்டும் என்பதும் இங்கே பல குடும்பங்களுக்குப் பயன்படும். நியூயார்க், நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, மாசசூசெட்ஸ், மேரிலாண்ட், வர்ஜீனியா என்று அமெரிக்காவின் வடகிழக்கு, நடுவில் மினசோட்டா, விஸ்கான்சின், ஐரோப்பாவில் ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, ஸ்வீடன் போன்ற நாடுகள். டெக்சாஸ், கலிஃபோர்னியாவில் குறைவு. நம்மவர்கள் தலைமுறையாகப் போய்வரும் சிங்கப்பூர், மலேசியா இந்தப் பட்டியலில் வருவதில்லை. இந்தியாவில் இமயமலைப் பக்கத்திலும் வடகிழக்கிலும் காட்டுப் பகுதிகளிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செய்தி உண்டு. செட்டிநாட்டுச் செம்மண் பூமியில் லைம் பரப்பும் உண்ணி இல்லை. இங்கே நாய் மேலும் மாட்டின் மேலும் இருக்கும் உண்ணி வேறு. அது கடித்தால் லைம் வராது.

ஒரு குழப்பம் வரும் என்று எதிர்பாருங்கள். மருத்துவமனையில் உண்ணிக் காய்ச்சலா என்று கேட்டு அதற்கான ரத்தச் சோதனையை எழுதலாம். தமிழ்நாட்டில் அந்தப் பெயரில் சொல்வது ஸ்க்ரப் டைபஸை. அது வேறு கிருமி, புதரில் உள்ள நுண்ணிய பூச்சியின் குஞ்சு கடித்து வருவது. கடுமையான காய்ச்சலும், கடித்த இடத்தில் கருத்த பொருக்கும் அதன் அடையாளம். காய்ச்சல் இருந்தால் அதையும் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் ஸ்க்ரப் டைபஸ் சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டதை லைம் இல்லை என்று யாரும் படித்துவிடக் கூடாது. சோதனைச் சீட்டில் பொரேலியா ஐ.ஜி.எம்., ஐ.ஜி.ஜி. (கிருமியை எதிர்த்து ரத்தத்தில் உருவாகும் இரண்டு வகை எதிர்ப்பொருள்) என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

அந்தச் சோதனை இரண்டு படி. முதலில் எதிர்ப்பொருளைத் தேடும் எலைசா. அதில் உண்டு என்றோ சந்தேகம் என்றோ வந்தால் மட்டும் வெஸ்டர்ன் பிளாட் அல்லது வேறு முறையில் இரண்டாவது எலைசா. காரைக்குடியில் ரத்தம் எடுக்கும் பெரிய தனியார் கூடங்கள் மாதிரியைப் பெருநகரங்களுக்கு அனுப்பி வாங்கித் தரும். முடிவு வரச் சில நாள் ஆகும், அதுவரை மருந்தை நிறுத்தி வைக்கத் தேவையில்லை, ரத்தம் எடுத்த கையோடு தொடங்கலாம். முகவாதம் வரும் கட்டத்தில் பெரும்பாலும் ரத்தத்தில் எதிர்ப்பொருள் தெரியும். ஆரம்பத்தில் இல்லை என்று வந்தும் சந்தேகம் தீராவிட்டால் இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நோய் தொடங்கி ஒரு மாதம் தாண்டிய பிறகு ஐ.ஜி.எம். மட்டும் தனியாக உண்டு என்று வந்தால் அதை நம்பக்கூடாது. ஊரை விட்டே போகாத பிள்ளைக்கு இந்தச் சோதனையைச் செய்து உண்டு என்று வந்தாலும் அது பெரும்பாலும் பொய் முடிவுதான். இதைப் படித்துவிட்டு உள்ளூர்ப் பிள்ளைகளின் பெற்றோர் யாரும் லைம் சோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

முதுகுத் தண்டு நீர் எடுப்பது எல்லோருக்கும் தேவையில்லை. கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, வாந்தி, மந்தம் இருந்தால் எடுக்க வேண்டும். நம் ஊரில் காசநோய் மூளைக்காய்ச்சலையும் விலக்க வேண்டியிருப்பதால், வாரக்கணக்கில் காய்ச்சலும் எடை குறைவும் இருக்கும் பிள்ளைக்கு அந்தச் சோதனையைத் தட்டிக்கழிக்காதீர்கள். மார்பு படபடப்பு, மயக்கம், மூச்சிரைப்பு இருந்தால் ஈ.சி.ஜி. ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். லைம் இதயத்தின் மின்கடத்தலையும் தடுக்கக் கூடியது.

மருந்துக்கு வருவோம். லைம் முகவாதத்துக்கு டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் வாய்வழியாக, நாளொன்றுக்கு கிலோவுக்கு 4.4 மி.கி., இரண்டு வேளையாகப் பிரித்து, 14 முதல் 21 நாள். ஒரு வேளைக்கு 100 மி.கி.க்கு மேல் போகக்கூடாது. 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு 88 மி.கி., அதாவது வேளைக்கு 44 மி.கி. அதை மாத்திரையாகவா, கரைத்தா, சிரப்பாகவா என்பதைக் குழந்தை மருத்துவர் எடை பார்த்து எழுத வேண்டும். 100 மி.கி. கேப்சூலைத் திறந்து உத்தேசமாகக் கொட்டிக் கொடுக்காதீர்கள்.

இங்கே ஒரு முட்டுக்கட்டை வரும். எட்டு வயதுக்குக் கீழே இந்த மருந்தா, பல் கறுத்துவிடும் என்று மருந்துக்கடைக்காரரோ மருத்துவரோ மறுக்கலாம். அந்த எச்சரிக்கை பழைய டெட்ராசைக்ளினுக்கு ஏற்பட்டது. டாக்சிசைக்ளின் பல்லில் கால்சியத்தோடு அவ்வளவாக ஒட்டுவதில்லை. 21 நாள் வரை எந்த வயதிலும் கொடுக்கலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் ஏற்றுக்கொண்டுவிட்டது. ஸ்க்ரப் டைபஸுக்கு நம் மருத்துவர்களும் சிறு பிள்ளைகளுக்கு இதைக் கொடுக்கிறார்கள். அதை நினைவூட்டினால் பெரும்பாலும் தயக்கம் போய்விடும். அமாக்சிசிலின் லைம் படைக்கு நல்ல மருந்துதான். நரம்பு வரை வந்துவிட்ட நோய்க்கு டாக்சிசைக்ளினை விட்டு அதைத் தேர்ந்தெடுக்க நான் சொல்லமாட்டேன்.

கொடுக்கும் விதத்தில்தான் வீட்டில் தப்பு நடக்கும். சாப்பிட்ட பிறகு, ஒரு தம்ளர் தண்ணீரோடு, உட்கார்ந்தபடி விழுங்க வேண்டும். அரை மணி நேரம் படுக்கக்கூடாது. தூங்கப் போகும்போது கொடுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். இரவு வேளையை ஏழு மணி வாக்கில் முடித்துவிடுங்கள். பாலும் தயிரும் மருந்தைப் பிடித்துக்கொள்ளும், இரண்டு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். இரும்புச்சத்து டானிக், கால்சியம், வயிற்றெரிச்சல் மருந்துக்கும் அதே இடைவெளி. இன்னொன்று, இந்த மருந்து தோலை வெயிலுக்குக் கூச வைக்கும். நம் ஊர் வெயிலில் பத்து மணி முதல் நாலு மணி வரை பிள்ளை வளவுக்குள்ளேயே விளையாடட்டும். வெளியே போனால் முழுக்கைச் சட்டையும் தொப்பியும் வேண்டும். முதல் நாளில் காய்ச்சலும் உடம்பு வலியும் திடீரென்று கூடலாம். கிருமி செத்து உடைவதால் வருவது, ஒரு நாளில் அடங்கும். பாராசிட்டமால் போதும், அதற்காக மருந்தை நிறுத்தாதீர்கள்.

ஆன்டிபயாட்டிக் எதற்கு என்பதையும் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். லைமால் தளர்ந்த முகம் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தானாகவே நேராகும், மருந்து அதை வேகப்படுத்துவதாகத் தெரியவில்லை. கிருமியை விட்டுவைத்தால் மாதங்கள் கழித்து முழங்கால் வீங்கும், நரம்பும் இதயமும் பாதிக்கப்படலாம். அதைத் தடுக்கத்தான் மருந்து. ஆகவே நாலாம் நாளே வாய் நேராகிவிட்டது என்று பாதியில் விடுவது பெரிய தப்பு.

ஸ்டீராய்டு? பெரியவர்களின் பெல்ஸ் முகவாதத்துக்கு அது நன்றாக வேலை செய்கிறது, 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். குழந்தைகளுக்கு அவ்வளவு தெளிவு இல்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 187 பிள்ளைகளிடம் நடத்தி 2022-இல் வெளிவந்த ஆய்வில், பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைக் கிலோவுக்கு 1 மி.கி. வீதம் 10 நாள் கொடுத்தவர்களில் ஒரு மாதத்தில் 49 சதவீதம் பேரும், வெற்று மருந்து கொடுத்தவர்களில் 57 சதவீதம் பேரும் முழுதாகத் தேறினார்கள். ஆறு மாதத்தில் முறையே 99, 93 சதவீதம். அதாவது கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பிள்ளைகள் தேறிவிடுகிறார்கள். லைம் முகவாதத்தில் ஆன்டிபயாட்டிக்கோடு ஸ்டீராய்டும் சேர்த்தால் நீண்ட நாள் பலன் குறையக்கூடும் என்று காட்டிய ஆய்வும் உண்டு, உறுதியான தீர்ப்பு இன்னும் இல்லை. கனெக்டிகட்டிலிருந்து ஆனியில் வந்த ஆறு வயதுப் பிள்ளைக்கு, ரத்தம் எடுத்து டாக்சிசைக்ளின் தொடங்கி, ஸ்டீராய்டை ஓரமாக வைப்பதே என் பரிந்துரை. ஏற்கனவே ஓரிரு வேளை கொடுத்திருந்தால் கேடில்லை, எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே பயண விவரத்தைச் சொல்லி நிறுத்தலாமா என்று கேளுங்கள். அவர் அப்போது வேறு மாதிரி யோசிப்பார்.

கண்ணைப் பார்த்துக்கொள்ளும் முறை இது. விழித்திருக்கும் நேரம் முழுக்க ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சொட்டு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கீழ் இமையை லேசாக இழுத்து அந்தக் குழியில் விட வேண்டும், குப்பி நுனி கண்ணில் படக்கூடாது. இரவில் கீழ் இமைக்குள் ஒரு நெல் நீளத்துக்குக் களிம்பைப் பிதுக்கி, இமையை விரலால் மென்மையாக இறக்கி முழுக்க மூடியபின், மேல் இமையிலிருந்து கன்னம் வரை மைக்ரோபோரைச் சாய்வாக ஒட்டுங்கள். பிள்ளை தூங்கிய பிறகு ஒட்டினால் முரண்டு பிடிக்கமாட்டான். ஒட்டியபின் இடுக்கில் வெள்ளை தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், தெரிந்தால் பிரித்து மறுபடி ஒட்ட வேண்டும். வெறும் பஞ்சை வைத்துக் கட்டுவது கூடாது. உள்ளே இமை திறந்துகொண்டால் பஞ்சே கருவிழியை உராயும். ஆடிக் காத்துக்கு வெளியே போகும்போது கண்ணாடி போட்டுவிடுங்கள், மின்விசிறிக்கு நேர் எதிரே படுக்க வைக்காதீர்கள். ஊருணியிலும் கண்மாயிலும் முங்கிக் குளிப்பது கண் மூடும் வரை வேண்டாம். விளக்கெண்ணெய், தாய்ப்பால், பச்சிலைச் சாறு, கண்மை எதுவும் அந்தக் கண்ணுக்குள் போகக்கூடாது. கண் சிவந்தாலோ, வலித்தாலோ, வெளிச்சத்துக்குக் கூசினாலோ, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை இரண்டு மணி நேரத் தூரம்தான், விடியும் வரை தள்ளிப்போடாமல் கிளம்பிவிடுங்கள்.

மந்திரிப்பதால் உங்கள் மனம் ஆறுமானால் செய்துகொள்ளுங்கள், அதில் பிள்ளைக்கு ஒரு கேடும் இல்லை. புறா ரத்தம் தேய்ப்பது, சூடு வைப்பது, கன்னத்தில் அழுத்தி உருவுவது மட்டும் வேண்டாம்.

சாப்பாடு தளர்ந்த பக்கத்துக் கன்னத்துக்குள் தங்கிவிடும், பிள்ளைக்குத் தெரியாது. இடியாப்பம், இட்லி, குழைந்த சோறு என்று நல்ல பக்கத்தில் சின்ன வாயாகக் கொடுத்து, முடிந்ததும் விரலை விட்டுப் பார்த்துக் கொப்பளிக்க வையுங்கள். தேன்குழலும் சீப்புச் சீடையும் சில வாரம் பொறுக்கட்டும், கன்னத்தைக் கடித்துக்கொள்வான்.

பயிற்சி என்று பலூன் ஊதச் சொல்வார்கள், கரண்ட் வைக்கச் சொல்வார்கள். இரண்டையும் நான் ஆதரிக்கவில்லை. மின்தூண்டலால் பலன் உண்டு என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. முழுப் பலத்தோடு முகத்தை முறுக்கும் பயிற்சி, நரம்பு மீளும்போது தவறான தசைகள் சேர்ந்து இயங்கும் பழக்கத்தைக் கூட்டக்கூடும். பிறகு சிரித்தால் கண் சிமிட்டும். அசைவு திரும்பத் தொடங்கியபின் கண்ணாடி முன் நாளைக்கு இரண்டு முறை ஐந்து நிமிடம், புருவம் தூக்குதல், மெல்லக் கண் மூடுதல், பல் காட்டுதல், மிக மெதுவாகச் செய்தால் போதும்.

இரண்டு நாளைக்கு ஒரு தடவை ஒரே வெளிச்சத்தில் போனில் ஒரு நிமிட வீடியோ எடுத்து வையுங்கள்: சும்மா இருப்பது, புருவம், கண் மூடுவது, பல் காட்டுவது. மூன்று வாரத்துக்குள் ஏதாவது அசைவு தெரிய வேண்டும். தெரியாவிட்டாலோ, மூன்று வாரம் கழிந்தும் கோணல் மெல்ல மெல்லக் கூடினாலோ, எம்.ஆர்.ஐ. எடுத்து மூளைத் தண்டிலோ காதுக்குப் பக்கத்திலோ கட்டி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். மூன்று மாதத்தில் முழுதாக மீளாவிட்டால் நரம்பியல் நிபுணர் பார்க்கட்டும்.

பேராண்டி மருந்து முடியும் முன்பே திரும்பப் போகிறான் என்றால் விமானத்தில் போகத் தடையில்லை, கேபினில் காற்று வறண்டிருப்பதால் சொட்டு மருந்தை மணிக்கு ஒரு தடவை விட்டு, தூங்கும்போது பிளாஸ்திரி ஒட்டுங்கள். ரத்த முடிவின் மூலப்பிரதி, எடுத்த தேதி, டாக்சிசைக்ளின் தொடங்கிய தேதி, கொடுத்த அளவு, ஸ்டீராய்டு எத்தனை வேளை போனது, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அங்கே உள்ள மருத்துவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். மருந்து முடிந்தபின் குணமாகிவிட்டதா என்று பார்க்க மறுபடி லைம் ரத்தச் சோதனை எடுக்க வேண்டாம். எதிர்ப்பொருள் வருடக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும், அந்த முடிவை வைத்து மறுபடி மருந்து தொடங்கிவிடுவார்கள். அடுத்த சில மாதத்தில் முழங்கால் வீங்கினால் மட்டும் லைம் வந்தது என்று முதலிலேயே சொல்லிக் காட்டட்டும். அங்கே புல்வெளியில் விளையாடி வந்ததும் அன்றைக்கே குளிப்பாட்டி, முடிக்குள் உட்பட உடம்பைத் தடவிப் பார்க்க வேண்டும். ஒட்டி ஒன்றரை நாளுக்குள் உண்ணியை எடுத்துவிட்டால் லைம் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. கூர்நுனி இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய், தீக்குச்சி, சுண்ணாம்பு எதுவும் வைக்கக்கூடாது. எடுத்ததைச் செல்லோடேப்பில் ஒட்டித் தேதி எழுதி வைத்துக்கொண்டு, 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைக் கேட்டால், தேவைப்பட்டால் ஒரே ஒரு வேளை டாக்சிசைக்ளினோடு முடித்துவிடுவார்.